சீமைக் கருவேலம்

மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையுள்ள வறண்ட நிலங்கள் இதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இலையை ஆடுமாடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. இனிக்கும் நெற்றையோ தேடித் தின்னும். கெட்டியான தோலுள்ள விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, விழுந்த இடத்திலேயே எருவும் ஈரமும் பெற்று முளைக்கிறது. ஆணிவேர் ஆழத்து நீரை எட்டுகிறது. உதிர்ந்த இலைச் சருகின் வேதிப்பொருள்கள் பிற விதைகளை முளைக்கவிடுவதில்லை.

உவர் மண்ணையும் இம்மரம் தாங்கும். தோல் பதனிடும் கழிவுநீரால் வயல்கள் உப்பேறிக் கிடக்கும் பாலாற்றங்கரை வட்டாரத்தில் இதன் பெரும் பலம் அதுவே. வெட்டிய அடிக்கட்டையும் கொத்தாகத் துளிர்க்கும். ஆகவே இதை ஒழிக்க வேரோடு அகழ்வதே வழி. காலியான இடத்தில் உடனே நாட்டு மரங்களை நட வேண்டும். காடுகளில் அயல் தாவரங்களை அகற்றி இயல்பான தாவரங்களை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.