107 விநாடி வீடியோ, ஏழு வருஷ வாய்தா

ஒரு வீடியோ இருக்கு. மொத்தமே 107 விநாடி. மியான்மர்லேர்ந்து தாய்லாந்துக்குப் பிழைக்க வந்த கோழிப்பண்ணைத் தொழிலாளிங்க, தங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு கேமராவைப் பார்த்துச் சொல்றாங்க. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வீடியோல பேசின தொழிலாளி மேல கிரிமினல் கேஸ். வீடியோவை ட்விட்டர்ல பகிர்ந்தவங்க மேல கேஸ். சரி, கேஸ்ல மாட்டினவங்களுக்கு ஆதரவா நாலு வரி எழுதினவங்க? அவங்க மேலயும் கேஸ். இந்தச் சங்கிலியில ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வந்தது 2023 ஆகஸ்ட்ல. மூலக்கதை தொடங்கினது 2016ல.

மனித உரிமைக்காகப் பேசுறவங்களை அடிக்காம, உதைக்காம, கோர்ட்டுக்கு அலைய விட்டே ஓய வைக்கிறது எப்படின்னு இன்னைக்குப் பார்க்கப் போறோம். அதுக்கு இந்த ஒரு கதையே போதும்.

பாங்காக்குக்கு வடக்கே லோப்புரின்னு ஒரு மாகாணம். அங்க தம்மகாசெத்னு ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனி. பெட்டாக்ரோங்கிற பெரிய நிறுவனத்துக்குக் கோழி வளர்த்துக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. 2016ல அங்க வேலை பார்த்த 14 மியான்மர் தொழிலாளிங்க வெளிய வந்து புகார் சொன்னாங்க. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை. நாப்பது நாளுக்கு மேல ஒரு நாள் லீவு கிடையாது. ராத்திரியும் கோழிக் கொட்டகையிலதான் படுக்கை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வெச்சுக்கிட்டார். அப்போ அங்க குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 300 பாட். இவங்களுக்குக் கிடைச்சது 230. இதெல்லாம் அவங்க சொன்னது. கம்பெனி மறுத்துச்சு.

புகார்னா ஆதாரம் கேப்பாங்கல்ல? இவங்ககிட்ட இருந்தது டைம் கார்டு. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் மெஷின்ல சொருகி நேரம் அடிப்போமே, அந்த அட்டை. எத்தனை மணிக்கு உள்ள போனேன், எத்தனை மணிக்கு வெளிய வந்தேன்னு அதுல இருக்கும். அதை எடுத்துட்டுப் போய்த் தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட காட்டினாங்க. இந்த டைம் கார்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருது.

லோப்புரி தொழிலாளர் துறை விசாரிச்சுது. 14 பேருக்கும் சேர்த்து 17 லட்சம் பாட் இழப்பீடு கொடுக்கணும்னு கம்பெனிக்கு உத்தரவு போட்டுச்சு. கம்பெனி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போச்சு. மேல் கோர்ட் வரைக்கும் போயும் உத்தரவு மாறல. பணமும் கடைசியில கைக்கு வந்துச்சு.

நியாயமாப் பார்த்தா கதை அங்க முடிஞ்சிருக்கணும். ஆனா இந்த வழக்கு நடந்துக்கிட்டு இருக்கும்போதே, இன்னொரு பக்கம் வேற ஒரு வேலை ஆரம்பிச்சிடுச்சு. 2016 அக்டோபர்ல அந்த 14 தொழிலாளிங்க மேலயும் கம்பெனி கிரிமினல் அவதூறு வழக்கு போட்டுச்சு. என்ன குற்றம்? தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுத்தது. அந்தப் புகார் பொய், அதனால எங்க பேரு கெட்டுப்போச்சுன்னு கம்பெனி வாதம். அதாவது அரசாங்கமே புகார் கொடுக்கச் சொல்லித் திறந்து வெச்ச கதவு வழியா உள்ள போனதே குற்றம்.

இப்போ டைம் கார்டு. அதைத் திருடிட்டாங்கன்னு ரெண்டு தொழிலாளிங்க மேல ஒரு புகார். அவங்களுக்குத் துணையா நின்ன புலம்பெயர் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்த பெண்மணி மேலயும் அதே திருட்டுப் புகார். தன்னோட வேலை நேரம் பதிவான அட்டையை, தன்னோட கூலிப் பிரச்சினையை விசாரிக்கிற அதிகாரிகிட்ட காட்டினா திருட்டு! கோர்ட் அதை ஏத்துக்கல. அவதூறு வழக்குலயும் 2018 ஜூலைல டான் மியாங் கோர்ட் 14 பேரையும் விடுதலை பண்ணிடுச்சு.

ஜெயிச்சுட்டாங்கதானே, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க: கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான். ரெண்டு வருஷம் எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பாஷை தெரியாத நாடு. கோர்ட்ல ஒருத்தர் தாய்லாந்து மொழியில பேசுவார், பக்கத்துல ஒருத்தர் பர்மியத்துல சொல்வார். வாய்தான்னு வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. புது முதலாளிகிட்ட லீவு கேக்கணும். எதுக்குன்னு கேட்டா, பழைய முதலாளி என் மேல கிரிமினல் கேஸ் போட்டிருக்கார்னு சொல்லணும். எந்த முதலாளி வேலைக்கு வெச்சுக்குவார்? பெர்மிட் புதுப்பிக்கணும், ஊர்ல அம்மாவுக்கு முடியலன்னா போய்ப் பார்க்கணும். எல்லாத்துக்கும் நடுவுல அந்தக் கேஸ் நிக்குது. இப்படி வழக்கு போடுறவனுக்குத் தீர்ப்பு முக்கியமே இல்ல. அவனுக்கு வேண்டியது நடுவுல ஓடுற அந்த ரெண்டு வருஷம்தான்.

சரி, அந்த 107 விநாடி வீடியோவுக்கு வருவோம். 2017ல ஃபார்ட்டிஃபை ரைட்ஸ்னு ஒரு மனித உரிமை அமைப்பு அதை எடுத்து வெளியிட்டுச்சு. தொழிலாளிங்க மேல போட்ட அவதூறு வழக்கைப் பத்தித்தான் அந்த வீடியோ. அடுத்த வருஷம் கம்பெனி மறுபடியும் கோர்ட்டுக்குப் போச்சு. வீடியோல பேசின ஒரு தொழிலாளி மேலயும், அந்த அமைப்புல வேலை பார்த்த சுதாரி வன்னசிரி மேலயும் கிரிமினல் கேஸ். சுதாரி செஞ்சது, வீடியோவைப் பத்தி மூணு ட்வீட் போட்டது. அதுக்குக் கிரிமினல் கேஸோட சேர்த்து 50 லட்சம் பாட் கேட்டு ஒரு சிவில் வழக்கும்.

இந்த ரெண்டு தொகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 14 பேரோட உழைப்புக்கு அதிகாரிங்க நிர்ணயம் பண்ணினது 17 லட்சம். மூணு ட்வீட்டுக்குக் கம்பெனி கேட்டது 50 லட்சம்.

சிவில் வழக்கு சமரசத்துல முடிஞ்சுது. கிரிமினல் வழக்குல 2020 ஜூன்ல ரெண்டு பேரும் விடுதலை. ஆனா அதுக்குள்ள சங்கிலி நீண்டுபோச்சு. இவங்களுக்கு ஆதரவா ட்விட்டர்ல எழுதினவங்க மேல அடுத்த வழக்கு. அந்தப் பதிவுகள்ல ஒரு அறிக்கைக்கு லிங்க் இருந்துச்சாம், அந்த அறிக்கைக்குள்ள வீடியோவுக்கு லிங்க் இருந்துச்சாம். ஆகவே இதுவும் அவதூறு. லிங்க்குக்குள்ள லிங்க் தேடிப் போய் வழக்கு போட ஒரு தனித் திறமை வேணும், ஒத்துக்கத்தான் வேணும்.

அப்படி மாட்டினவங்கள்ல ஒருத்தர் அங்கானா நீலாபைஜித். தாய்லாந்து மனித உரிமை ஆணையத்துலயே உறுப்பினரா இருந்தவங்க. அவங்க கணவர் சோம்சாய், ஒரு வழக்கறிஞர். சித்திரவதை செய்யப்பட்ட முஸ்லிம் கைதிகளுக்காக வாதாடினவர். 2004 மார்ச்ல பாங்காக்ல காணாமப் போனார், இன்னும் கிடைக்கல. அதுக்கப்புறம்தான் அங்கானா வீட்டை விட்டுப் பொதுவாழ்க்கைக்கு வந்தாங்க. 2019ல மகசேசே விருது வாங்கினாங்க. அதே 2019லதான் ரெண்டு ட்வீட்டுக்காக இந்தக் கம்பெனி அவங்க மேல கேஸ் போட்டுச்சு. அவங்களோட சேர்த்து இன்னும் ரெண்டு பெண்கள். மூணு பேரையும் பாங்காக் தெற்கு கிரிமினல் கோர்ட் விடுதலை பண்ணினது 2023 ஆகஸ்ட் 29. ரெண்டு ட்வீட்டுக்குக் கிட்டத்தட்ட நாலு வருஷம்.

பத்திரிகைக்காரங்களும் தப்பல. சுசானி குளோத்ரேங்கிற டிவி நிருபர், இந்தத் தொழிலாளிங்களோட வழக்கைப் பத்தி எழுதின ஒரு ட்வீட்ல "அடிமை உழைப்பு"ங்கிற வார்த்தையைப் போட்டார். லோப்புரி கோர்ட் 2019 டிசம்பர்ல ரெண்டு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் அப்பீல்ல அது ரத்தாச்சு. ஆனா அந்தத் தீர்ப்பு வந்த அன்னைக்கு, தாய்லாந்துல வேற ஏதாவது பண்ணைக்குச் செய்தி சேகரிக்கப் போகலாம்னு நெனச்சிருந்த நிருபர் என்ன முடிவு எடுத்திருப்பார்? அந்தத் தீர்ப்பு ரத்தானாலும், அவர் எழுதாம விட்ட செய்தி விட்டதுதான்.

மொத்தம் முப்பதுக்கும் மேல வழக்குகள், இருபதுக்கும் மேல ஆளுங்க. பெரும்பாலானது தள்ளுபடி. இவ்வளவையும் போட்டது ஒரே கம்பெனி.

இப்போ கம்பெனி பக்கம் பேசுவோம். பேரு கெட்டா கோர்ட்டுக்குப் போற உரிமை அவங்களுக்கு இல்லையா? இருக்கு. அவங்க சொன்னதே, பெட்டாக்ரோ எங்களை விட்டுட்டுப் போயிடுச்சு, வியாபாரம் போச்சுன்னுதான். பொய்யா ஒருத்தன் எழுதித் தொழில் கெட்டா வழக்கு போடத்தான் வேணும். ஆனா அது நியாயமான வழக்கா, வாயை அடைக்கிற வழக்கான்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. கூலி பாக்கி உண்மைன்னு கோர்ட்டே சொன்ன பிறகும் வழக்கு தொடருதா? எழுதின அமைப்பை விட்டுட்டு, அதுல சம்பளத்துக்கு வேலை பார்க்கிற தனி ஆளைப் பிடிக்கிறாங்களா? ஒவ்வொரு ட்வீட்டையும் தனித்தனிக் குற்றமாப் பிரிச்சுத் தண்டனையைக் கூட்டுறாங்களா? இந்த மூணையும் கேட்டாலே தெரிஞ்சுடும்.

தாய்லாந்துல இது ஏன் இவ்வளவு சுலபமா நடக்குதுன்னா, அங்க அவதூறு கிரிமினல் குற்றம். ஊடகம் வழியா அவதூறு செஞ்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அதோட தனி ஆளோ கம்பெனியோ போலீஸ், அரசு வக்கீல் யாரையும் பார்க்காம நேரா கோர்ட்லயே கிரிமினல் வழக்கு போடலாம். இது பிரச்சினைன்னு அரசாங்கத்துக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தோட போடுற தனிநபர் வழக்கை வாசல்லயே தள்ளுபடி பண்ணலாம்னு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 161/1னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. 2019ல நடைமுறைக்கு வந்துச்சு. தொழில் நிறுவனங்களும் மனித உரிமையும்னு ஒரு தேசியச் செயல்திட்டமும் அதே வருஷம் போட்டாங்க, ஆசியாவுலயே முதல் நாடு நாங்கதான்னு. அங்கானா வழக்கு தொடங்கினதும் அதே 2019லதான். ஓடினது 2023 வரைக்கும். வாசல்ல சல்லடை கட்டியிருக்கு, ஆனா யாரும் சலிக்கல. என் பார்வையில, நீதிபதி கையைக் கட்டாயமா அசைய வைக்காத எந்தச் சட்டமும் இந்த விஷயத்துல உதவாது.

ஐரோப்பாவுல கொஞ்சம் கடுமையா யோசிச்சிருக்காங்க. மால்டாவுல டாஃப்னி கருவானா கலிசியான்னு ஒரு பத்திரிகையாளரை 2017 அக்டோபர்ல கார் குண்டு வெச்சுக் கொன்னுட்டாங்க. அவங்க சாகும்போது அவங்க மேல நாப்பதுக்கும் மேல அவதூறு வழக்குகள் நிலுவையில இருந்துச்சு. செத்தும் அது முடியல, வழக்குகள் குடும்பத்து மேல இறங்குச்சு. 2024ல ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட சிவில் வழக்குகளுக்கு எதிரா ஒரு சட்டம் கொண்டுவந்துச்சு, டாஃப்னி சட்டம்னு சொல்றாங்க. அடிப்படை இல்லாத வழக்கை ஆரம்பத்துலயே தூக்கி எறியலாம், செலவையும் வழக்கு போட்டவன் தலையில கட்டலாம். அந்த ரெண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாப் படுது. ஓசியில அலைய விட முடியாதுன்னு ஆனாத்தான் கை தயங்கும்.

நம்ம நாட்டுலயும் அவதூறு கிரிமினல் குற்றம்தான். பழைய ஐபிசி 499, 500, இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 356. ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. 2016ல உச்ச நீதிமன்றம் இது செல்லும்னு சொல்லிடுச்சு. தென்மாவட்டக் கடற்கரைத் தாது மணல் பத்தி 2015ல எகனாமிக் டைம்ஸ்ல பத்திரிகையாளர் சந்தியா ரவிசங்கர் எழுதின கட்டுரைக்கு, வி.வி. மினரல்ஸ்ங்கிற தாது மணல் கம்பெனி அவதூறு வழக்கு போட்டுச்சு. அதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து பண்ணினது 2020ல. ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கு. புது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 223ஆவது பிரிவுப்படி, தனிநபர் புகாரை மாஜிஸ்திரேட் கோப்புக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்பு கொடுக்கணும். முன்னாடி அது கிடையாது. நம்ம வாசல்லயும் ஒரு சல்லடை, பார்ப்போம்.

அரசாங்கமே வழக்கு போடும்போது கதை வேற. திருச்சி மாவட்டத்துல பொறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 83 வயசுல உபாங்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல கைதாகி, விசாரணையே தொடங்காம 2021 ஜூலை 5 அன்னைக்குக் காவல்லயே இறந்தார். அந்தச் சட்டத்துல ஜாமீன் கிடைக்கிறதே பெரும்பாடு. அதைத் தனி வீடியோவாத்தான் பேசணும், இதுக்குள்ள அடக்க முடியாது.

கடைசியா, பார்க்கிறவங்கள்ல யாருக்காவது இப்படி ஒரு நோட்டீஸ் வந்தா ஒரு விஷயம். வக்கீல் நோட்டீஸ் வேற, கோர்ட் சம்மன் வேற. சம்மன் வந்தா போகாம இருக்காதீங்க, வாரண்ட் ஆயிடும். பதிவை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம், முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க. வக்கீலுக்குப் பணம் இல்லன்னா, ஒவ்வொரு மாவட்டத்துலயும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இவங்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கொடுப்பாங்க. கூப்பிட வேண்டிய நம்பர் 15100.