தகவல் துளி: விதியை மாற்றிய விளையாட்டரங்கம்

சிமெண்டுத் தொழிலில் பெயர் பெற்ற பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் ஊராகிய ராஜபாளையத்திலும், அதனை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நேயர்களே! அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், 1879ஆம் வருஷத்துப் பழைய மாணவர்கள் அளித்த ஒரு லட்சம் டாலர் நன்கொடையின் துணையோடு, இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டால் 1903இல் எழுப்பப்பட்ட லாட வடிவ விளையாட்டரங்கின் சரித்திரம் நம் கவனத்துக்கு உரியது.

அவ்வருஷம் நவம்பர் 14 அன்று நடந்த முதல் பந்தயத்திலேயே டார்ட்மத் என்னும் சிறிய கல்லூரி ஹார்வர்டை 11–0 என வென்றது. அங்கே கால்பந்து எனப்படுவது நாம் காலால் உதைத்தாடும் ஆட்டமன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதும் ஆட்டம். அம்மோதலில் இளைஞர் பலர் உயிர் துறக்கவே, 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வரவழைத்துச் சீர்திருத்தத்தை வற்புறுத்தினார். ஆடுகளத்தை அகலமாக்கி நெரிசலைத் தணிக்கலாம் என்ற யோசனைக்கு, இடித்தாலன்றி நகராத அந்தக் கான்கிரீட் படிக்கட்டுகளே பிரதிபந்தகமாக நின்றமையால், வேறு மார்க்கம் நாடியவர்கள் 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தனர். ஆட்டத்தின் இயல்பே மாறிற்று.

நம் வட்டாரக் கல்லூரிகளில் பார்வையாளர் மேடை கட்ட நினைக்கும் நிர்வாகிகள், சர்வதேசக் கால்பந்துக்கு உகந்த 68 மீட்டர் அகலத்தை முதலில் அளந்து ஒதுக்கிவிட்டு, பிறகு அஸ்திவாரம் தோண்டுமாறு வேண்டுகிறோம்.