எங்கள் ஊர் எலி வேட்டை

வேட்டை என்றதும் புலியும் துப்பாக்கியும் நண்பர்களின் நினைவுக்கு வரலாம். எங்கள் வில்பட்டியில் நடப்பதோ எலி வேட்டை! மலைச்சரிவு நிலங்களில் உருளைக்கிழங்கை மண்ணுக்குள்ளேயே தின்றுவிடும் பெருச்சாளி இனத்தோடுதான் எங்களுக்குப் போர்.

மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிடுவோம். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில் எலி உண்டு. ஒரு வாயை மட்டும் விட்டு ஏனையவற்றை அடைத்து, அடியில் துளையிட்ட கலயத்தில் வைக்கோலை மூட்டி, வளையில் பொருத்தி ஊதவேண்டும். மயங்கிய எலியைத் தோண்டி எடுத்துவிடலாம். ஊதுபவர் பாடுதான் பெரும்பாடு. பாதிப் புகை அவர் நெஞ்சுக்குள்! செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இதில் வல்லவர்கள். வளையில் எலி சேர்த்த நெல்லும் அவர்களுக்கு உணவாயிற்று.

இப்போது கலயம் போய் நஞ்சு வந்துவிட்டது. அமெரிக்கப் புல்வெளியில் பிரெய்ரி நாய் என்றொரு பிராணி உண்டு. நாயன்று, வளை தோண்டும் அணில் இனம். மேய்ச்சல் புல்லைத் தின்கிறதென்று பண்ணைக்காரர்கள் அதைச் சுட்டும் நஞ்சிட்டும் கொன்றனர். அதை உண்டே வாழ்ந்த கருங்கால் பெர்ரட் என்னும் கீரி போன்ற விலங்கு அடியோடு அழிந்தது என்றே நம்பினர். 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் கொன்று கொண்டுவந்த பின்னரே மிச்சம் இருப்பது தெரிந்தது.

நம் வரப்பில் சிதறும் நஞ்சுப் பொரியைக் கோழியும் கொத்தும். வளைக்குள் ஆழத் தள்ளி வாயை மூடிவிட்டால் போதும். பலர் அதைச் செய்வதில்லை.