துடுப்பின் பிடியும் ஆடுவோர் கையும்
– யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு –

மனிதனின் கை உழைப்பின் உறுப்பு மாத்திரமன்று. உழைப்பினால் உருவாகிய உறுப்புமாகும் என்ற கருத்தினை 1876ஆம் ஆண்டில் ஏங்கெல்ஸ் ஒரு கட்டுரையில் விளக்கினார். கை கருவியைச் செய்தது. கருவி கையைச் செய்தது. இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமே பிடி. கருவிகளை மனித உடலின் அளவுக்கும் இயல்புக்கும் ஏற்ப அமைக்க முனையும் பணிச்சூழலியல் என்னும் துறை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தனித்துறையாக வளர்ந்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் விமான ஓட்டியின் இருக்கைக்கும் அது காட்டிய அக்கறையை எமது பாடசாலை மைதானங்களுக்கும் நீட்டினால் என்ன காணலாம் என்பதே இக்கட்டுரையின் விடயம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இல் முதன்முதலாக மோதிய காலந்தொட்டு இங்கு வேரூன்றிவிட்ட துடுப்பாட்டத்தின் மட்டையை உதாரணமாகக் கொள்வோம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் மண்வெட்டி வாங்கும் முறையை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். கடையில் அவன் வாங்குவது இரும்புத் தகட்டை மாத்திரமே. பிடியைத் தன் வளவு மரத்திலோ தச்சனிடமோ தேடிக்கொள்வான். உயரமானவனின் பிடி நீளும்; குட்டையானவனின் பிடி குறுகும். சிராம்பு போகச் சீவித் தேய்த்தபின், சில மாத வியர்வையில் அது அவன் கைக்கு உரியதாகிவிடும். இரும்பு எல்லோருக்கும் பொது, பிடி அவரவருக்குரியது என்ற இந்த நியதியை எந்த நூலும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. துடுப்பாட்ட மட்டை விடயத்தில் இந்நியதி தலைகீழாகிவிட்டது. மட்டை முழுமையாகச் செய்யப்பட்டு, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, வந்து சேர்கிறது. அதனோடு எங்கோ ஒருவர் மனத்திற்கொண்ட ஒரு கையின் அளவும் வந்து சேர்கிறது.

மட்டையின் பிடி எளிய பொருளன்று. ஆரம்பத்தில் மட்டைகள் ஒரே மரத்துண்டில் வெட்டப்பட்டன. பந்து மோதும் அதிர்வு முழுவதும் கையில் இறங்கியது. வில்லோ மர அலகினுள் பிரம்புப் பிடியை ஆப்பு வடிவில் பொருத்தும் இன்றைய முறையை 1880களில் வகுத்தவர் சார்ல்ஸ் றிச்சர்ட்சன். இவர் செவேண் ஆற்றின் கீழான புகையிரதச் சுரங்கத்தில் பணியாற்றிய பொறியியலாளர். (பாலமும் சுரங்கமும் கட்டியவர் விளையாட்டு மட்டையைத் திருத்தினார் என்பது வியப்பன்று, இரண்டும் அதிர்வைத் தாங்கும் பிரச்சினையே.) பிரம்பை நெடுகப் பிளந்து, துண்டுகளுக்கிடையே இறப்பர் அல்லது தக்கைக் கீலங்களை வைத்து ஒட்டி, நூலால் இறுகச் சுற்றி, மேலே இறப்பர் உறை இடுவர். வளைந்து மீளும் பிரம்பும் நசியும் இறப்பரும் அதிர்வின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன.

அதிர்வைவிடச் சிக்கலானது முறுக்கு. மட்டையின் அகலம் 10.8 சென்ரிமீற்றரை மீறலாகாது என்பது விதி. எனவே, நடுக்கோட்டிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் அளவு தள்ளியும் பந்து படலாம். ஏறக்குறைய 160 கிறாம் நிறையுள்ள பந்து அவ்வாறு படும்போது மட்டை கைக்குள் சுழல முற்படும். மோதல் நிகழும் நேரமோ செக்கனின் ஆயிரத்திலொரு பங்களவுதான். பந்து பட்டபின் இறுக்கிப் பிடிப்போம் என எண்ணுவதற்கு நரம்புக்கு அவகாசமில்லை; கை முன்னரே ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். பிடி மெலிந்திருப்பின் இந்த ஆயத்தத்திற்கான விலை கூடும். சுழற்சியைத் தடுப்பது தோலுக்கும் இறப்பருக்கும் இடையிலான உராய்வே. பிடியின் விட்டம் பாதியாயின் அதே சுழற்சியைத் தடுக்க இருமடங்கு இறுக்கம் தேவை. பருத்த பிடியே நன்று என இதிலிருந்து முடிவுகட்டவும் இயலாது. விரல்கள் பிடியைச் சுற்றி மடங்காவிடில் அவற்றை மடக்கும் தசைகள் முழுவலுவையும் செலுத்தா. வளர்ந்தோர் வலுவாகப் பற்றும் கருவிகளுக்கு மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரையான விட்டத்தை ஆய்வாளர் பொதுவாகப் பரிந்துரைப்பர். சிறிய கைக்கு அது குறையும்.

உடற்கூற்றியலாளர் ஜோன் நேப்பியர் 1956இல் மனிதப் பற்றுகையை வலுப்பிடி, நுண்பிடி என இருவகைப்படுத்தினார். சுத்தியலைப் பற்றுவது முன்னையது. பேனாவைப் பற்றுவது பின்னையது. துடுப்பாட்ட வீரனின் மேற்கை மட்டையை இறுகப் பற்றி வழிநடத்துகிறது. தடுத்தாடும் வேளையில் கீழ்க்கை பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்லத் தொட்டிருக்க வேண்டுமெனப் பயிற்றுநர் கூறுவர். ஒரே பிடியில் ஒரே கணத்தில் இருவகைப் பற்றுகைகளும் இடம்பெறுகின்றன. கீழ்க்கை அத்துமீறி இறுகினால் மட்டை நேர்கோட்டிலிருந்து விலகும்.

இதற்கான சான்றினை இலங்கையர் எவரும் மறந்திரார். 2007 ஏப்பிரல் 28ஆந் திகதி பாபடோசில் நடைபெற்ற உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ற் 104 பந்துகளில் 149 ஓட்டங்களைக் குவித்தார். இடக்கை ஆட்டக்காரரான அவர், கீழ்க்கையாகிய இடக்கையின் கையுறைக்குள் ஒரு ஸ்குவாஷ் பந்தை வைத்திருந்தார். அது விதிமீறல் என இங்கு பலர் கொதித்தனர். விதிகளைப் பேணும் எம்.சி.சி. கழகமோ அதில் குற்றம் காணவில்லை. தோல்வியின் கசப்பை ஒதுக்கிவிட்டு நோக்கின், அவர் செய்தது பிடியின் பருமனைத் தன் ஒரு கைக்கு மாத்திரம் மாற்றிக்கொண்டமையே. விரல்கள் முழுதாக மடங்காதவாறு தடுத்தமையால் கீழ்க்கை அடங்கியது. நாம் சினங்கொண்ட அளவுக்கு அதிலிருந்து கற்றோமா என்பது ஐயமே.

நான் படித்த பாடசாலையில் பதினொருவருக்கும் சேர்த்து ஒரு பை. அதில் பாவிக்கக்கூடியவை இரண்டு மட்டைகள். இரண்டும் வளர்ந்தோருக்கான அளவின. உறை தேய்ந்தபோது அதைக் கழற்றாமல் அதன்மேல் இன்னொன்றை ஏற்றினார்கள். பிடி மேலும் பருத்தது. பதின்மூன்று வயதுப் பையன்கள் அதைப் பற்ற முடியாமல் கைகளை அலகுக்கருகே தாழ்த்திப் பிடித்தனர். முதுகு கூனியது, அடி பிசகியது. “கை பலமில்லை” என்ற தீர்ப்பு கிடைத்தது. பருமன் பொருந்தாத பிடியை வைகாசி வெயிலில் வியர்த்த கையால் இறுக்கிக்கொண்டிருப்பவனின் முன்கைத் தசைகள் விரைவில் களைப்பது இயல்பு. அத்தசைநார்கள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் இணையும் இடத்தில் தொடர்ந்து நோவு காண்பதையே ‘ரெனிஸ் முழங்கை’ என்கின்றனர். சொந்த மட்டை வாங்கவல்ல வீட்டுப் பிள்ளைக்குத் திறமை இருப்பதாகவும் மற்றவனுக்கு இல்லையெனவும் மைதானம் தீர்மானிப்பதில் பிடிக்கும் ஒரு பங்குண்டு. கைகள் சிறியனவான பெண் பிள்ளைகள் துடுப்பாட்டத்திற்கு வரும் இக்காலத்தில் இது மேலும் கூர்மையடைகின்றது.

இத்தனைக்கும் அதே பையன்கள் மாலையில் ஒழுங்கையில் தென்னம் மட்டையால் ஆடியபோது எவரும் கூனவில்லை. மட்டையின் அகன்ற அடிப்பகுதி அலகாகும். ஒடுங்கிச் செல்லும் பகுதி பிடியாகும். (பனம் மட்டையாயின் இரு விளிம்புகளிலுமுள்ள கருக்கை முதலிற் சீவ வேண்டும், அந்த வேலைக்கு அஞ்சியே பலர் தென்னையை நாடினர்.) அது ஒரே துண்டாலானது என்ற வகையில் றிச்சர்ட்சனுக்கு முந்திய மட்டையின் இனத்தது. ரெனிஸ் பந்து மென்மையானதாகையால் அதிர்வு பெரும் பொருட்டாகவில்லை. ஆனால், பிடியின் பருமன் விடயத்தில் கடை மட்டையை அது விஞ்சியது.

பாடசாலைகள் இதற்காகப் பெரும் பணம் செலவிடத் தேவையில்லை. பிடியின் நீளம் மட்டையின் மொத்த நீளத்தில் 52 வீதத்தை விஞ்சக்கூடாது என விதி வரையறுக்கிறது. உறையின் தடிப்பைத் தெரிந்தெடுக்கும் உரிமையோ ஆடுவோருக்கே உண்டு. பெருவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட்டுக்கொள்ளும் வளையத்தை ஒரு நூலால் அளந்தால், ஒரு வகுப்பின் கையளவுகளை ஒரே மாலையில் குறித்துவிடலாம். பழைய உறையைக் கழற்றிவிட்டுப் புதியதை இடுவதும், சிறு கையினருக்கு மெல்லிய உறையுள்ள மட்டையொன்றை ஒதுக்குவதும் ஆசிரியர் கைக்கெட்டும் காரியங்கள். உள்ளூரிலே மட்டை செய்ய முனைவோர் கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தாரோடு இவ்வளவுகளைப் பகிர்ந்துகொள்ளலாம்.

தென்னம் மட்டையைச் சீவும் பையன் ஒரே மூச்சில் சீவுவதில்லை. முதலில் பிடியைத் தடிப்பாகவே விடுவான். இரண்டு பந்துகளை அடித்துப் பார்ப்பான். மீண்டும் கத்தியை எடுப்பான். சீவியதை மீள ஒட்ட முடியாதென்பது அவனுக்குத் தெரியும். தவறி மெலிந்துவிட்டால், பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பைக் கீலமாக வெட்டி, விரல்கள் சரியாக மடங்குமட்டும் சுற்றுவான்.