நமது மாவட்டத்தின் நிலமும் தொழிலும்

சங்கத்தின் அங்கத்தினர் தம் தறியையும் வயலையும் அறிந்தால் மட்டும் போதாது. அவை அமைந்துள்ள மாவட்டத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

பழைய தென்னாற்காடு 1993-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, அதன் ஒரு பகுதி கடலூரைத் தலைநகராகக் கொண்ட இன்றைய மாவட்டமாயிற்று. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் இதன் வழியே சென்று வங்கக் கடலில் கலக்கின்றன.

நமது நிலத்தை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் வயல்கள். இவை காவிரியின் கடைமடை. 1836-இல் கொள்ளிடத்தில் எழுந்த கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு நீர் வருகிறது. சோழர் வெட்டிய இவ்வேரி, 2004 முதல் சென்னையின் தாகத்தையும் தணிக்கிறது. இரண்டாவது, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடு. முந்திரியும் பலாவும் இங்குச் செழிக்கும். நெய்வேலியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி உள்ளது; அதனை எடுக்க 1956-இல் நிறுவனம் ஏற்பட்டது. மூன்றாவது, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் முதலிய கடற்கரையும் கழிமுகமும். அங்கு வளரும் தில்லை மரமே சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது.

நெசவும் இம்மண்ணுக்குப் பழமையானதே. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார் இக்கரையில் பெரிதும் நாடியது துணிச் சரக்கையே. குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் கைத்தறி இன்றும் ஒலிக்கிறது. நடராசர் கோயிலும், 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், வள்ளலார் 1867-இல் வடலூரில் நிறுவிய தருமச்சாலையும் நமது பெருமைகள்.

ஆயினும், தாழ்ந்த நிலத்துக்குரிய இடரும் நமக்கு உண்டு. வறட்சியில் நீர் நம்மிடம் கடைசியாக வருகிறது. பெருமழையிலோ மேற்கிலிருந்து வரும் வெள்ளமெல்லாம் இங்கேயே வந்து சேர்கிறது. 2011 டிசம்பரில் வீசிய தானே புயல் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதுக்கன்று பலன் தரச் சில ஆண்டுகள் ஆகுமாதலால், அந்நட்டம் ஒரு பருவத்தோடு தீரவில்லை. 2015-இல் வெள்ளம் ஊர்களையே சூழ்ந்தது. குழித்தறியில் நீர் புகுந்தால் பாவும் கெடும், கூலியும் நிற்கும். விளைச்சல் பொய்த்தால் விவசாயி துணி வாங்கார்; ஆகவே ஒருவர் நட்டம் மற்றவரையும் தாக்கும்.

எனவே ஐப்பசி மழைக்கு முன்பே நூல் மூட்டைகளை மேடான இடத்திற்கு மாற்றுதலும், பயிர்க் காப்பீட்டுத் தவணையை நாள் தவறாது செலுத்துதலும், வடிகால் வாய்க்கால்களைக் கூடித் தூர்வாருதலும் இரு சாராரும் சேர்ந்து செய்யத்தக்க பணிகளாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இவற்றிற்கு நாள் குறிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.