சந்தனமும் அண்டை மரங்களும்

சந்தன மரத்தின் மணம் பூவிலும் இல்லை, இலையிலும் இல்லை. முதிர்ந்த மரத்தின் தண்டிலும் வேரிலும் உட்புறமாக உருவாகும் வைரக்கட்டையிலேயே அது தங்கியுள்ளது. அம்மணமே மரத்திற்குப் பகையாயிற்று. அளவின்றி வெட்டப்பட்டதால், 1998ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் சந்தனம் 'அழிவாய்ப்புள்ள இனம்' என இடம்பெற்றுள்ளது. இம்மரத்தைக் காக்கும் வழியை அறிய, முதலில் அதன் செல்களும் திசுக்களும் இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

நீரைக் கடத்தும் சைலம்

தாவர செல்லைச் சூழ்ந்து செல்லுலோஸால் ஆன செல்சுவர் அமைந்துள்ளது. இலைச் செல்களில் உள்ள பசுங்கணிகங்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவைத் தயாரிக்கின்றன. இதற்குத் தேவையான நீரையும் கனிம உப்புகளையும் வேரிலிருந்து இலைக்குக் கொண்டு செல்வது சைலம் என்னும் திசுவாகும். சைலக்குழாய்களின் செல்கள் முதிரும்போது உயிர்ப்பொருளை இழந்து, லிக்னின் படிந்த உறுதியான சுவர்களைக் கொண்ட வெற்றுக் குழாய்களாகின்றன. இலைகளில் நீராவிப்போக்கு நிகழுந்தோறும் நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியவாறு மேலே இழுக்கப்படுகின்றன.

சந்தனம் பச்சை இலைகளைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. ஆயினும், நீருக்கும் கனிமங்களுக்கும் அது தன் வேர்களை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதன் வேர்களில் தோன்றும் உறிஞ்சு உறுப்புகள் அண்டைத் தாவரங்களின் வேர்களைத் துளைத்து, அவற்றின் சைலத்தோடு இணைகின்றன. எனவே சந்தனம் 'பகுதி ஒட்டுண்ணி' எனப்படுகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இதற்கு ஓம்புயிரிகளாக அறியப்பட்டுள்ளன. நாற்றங்காலில் சந்தனக் கன்றுடன் துவரையையும், தோட்டத்தில் சவுக்கு போன்ற மரங்களையும் சேர்த்து வளர்ப்பதற்கு இதுவே காரணம். துணைத் தாவரம் இல்லாத கன்று நலிந்துபோகும்.

உணவைக் கடத்தும் ஃபுளோயம்

இலைகளில் உருவான சர்க்கரையைப் பிற பகுதிகளுக்குக் கொண்டு செல்வது ஃபுளோயம். இதன் சல்லடைக்குழாய் செல்கள் உயிருள்ளவை. ஆனால் முதிர்ந்த நிலையில் உட்கரு அற்றவை. அருகிலுள்ள துணைசெல்கள் அவற்றின் செயல்பாட்டிற்கு உதவுகின்றன. சந்தனத்தைத் தாக்கும் 'ஸ்பைக்' நோய்க்குக் காரணமான ஃபைட்டோபிளாஸ்மா இச்சல்லடைக் குழாய்களிலேயே வாழ்கிறது. செல்சுவரற்ற இந்நுண்ணுயிரியைச் சாறுறிஞ்சும் பூச்சிகள் மரத்திற்கு மரம் பரப்புகின்றன. நோயுற்ற மரத்தின் இலைகள் சிறுத்து, நெருங்கி, கதிர்போல் விறைத்து நிற்கும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். குடகுப் பகுதியில் 1899ஆம் ஆண்டு இந்நோய் முதன்முதலில் பதிவு செய்யப்பட்டது.

வைரக்கட்டையின் விலை

மரம் முதிரும்போது உட்புறச் சைலம் நீர் கடத்தும் பணியிலிருந்து விலகி வைரக்கட்டையாக மாறுகிறது. சந்தனத்தில் இம்மாற்றத்தின்போது சான்டலால் மிகுந்த எண்ணெய் அங்கே சேர்கிறது. இம்மாற்றம் தொடங்கவே பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். நிறைந்த வைரத்திற்குப் பல பத்தாண்டுகள் தேவை. வேரிலும் எண்ணெய் இருப்பதால், மரம் வேரோடு அகழப்படுகிறது. வேரிலிருந்து புதிய தளிர் கிளைக்கும் வாய்ப்பும் அத்துடன் அற்றுப்போகிறது. பெரிய மரங்களே முதலில் களவு போவதால், நல்ல விதை தரும் தாய்மரங்களும் அவற்றின் மரபுப் பண்புகளும் இழக்கப்படுகின்றன.

காக்கும் வழிகள்

மைசூரில் 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். பின்னரும் நெடுங்காலம் நீடித்த கடுமையான கட்டுப்பாடுகளால், உழவர்கள் தம் நிலத்தில் சந்தனம் வளர்க்கத் தயங்கினர். கர்நாடகம் 2001ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2002ஆம் ஆண்டிலும் சட்டங்களைத் திருத்தி, நில உரிமையாளருக்கு மரத்தின்மீது உரிமை அளித்தன. இதனால் சந்தனத் தோட்டங்கள் பெருகின.

விதை சேகரித்தல், திசு வளர்ப்பு, தோட்டம் அமைத்தல் ஆகியவை புறவாழிடப் பாதுகாப்பு முறைகள். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் ஆய்வு செய்து வருகிறது. கேரளத்தின் மறையூர்ச் சந்தனக் காடுகளைப் போல, இயற்கையாக வளரும் இடத்திலேயே பேணுவது வாழிடப் பாதுகாப்பு ஆகும். தோட்டம் மரத்தைப் பெருக்கலாம்; ஆனால் பல ஓம்புயிரிகளும், பழத்தை உண்டு விதையைப் பரப்பும் பறவைகளும் கூடி வாழும் காட்டிற்கு அது ஈடாகாது.

விலையுயர்ந்த சந்தனத்தைக் காவலிட்டுக் காத்துவிட்டு, அதனருகில் வளரும் மதிப்பற்றதாகக் கருதப்படும் புதரையும் மரத்தையும் அழித்தால் பயன் இல்லை. மண்ணுக்கடியில் அவற்றின் சைலமும் சந்தனத்தின் சைலமும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஓர் இனத்தைக் காப்பது என்பது அதனோடு வாழும் இனங்கள் அனைத்தையும் காப்பதாகும்.