கரணையோடு வரும் நோய்

1910 ஜனவரியில், ஜப்பானிலிருந்து வாஷிங்டனுக்கு வந்த 2,000 செர்ரி மரக்கன்றுகளைத் தீயிட்டு எரித்தார்கள். நட்புக்காக அனுப்பிய பரிசுதான்; ஆனால் கன்றுகளோடு பூச்சியும் நூற்புழுவும் நோயும் சேர்ந்தே வந்திருந்தன. நோயற்ற 3,020 கன்றுகள் 1912இல் மறுபடி போய்ச் சேர்ந்தன.

செர்ரி விழுப்புரத்தில் பூக்காது, அதற்கு நல்ல குளிர் வேண்டும். ஆனால் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கரும்புக் கொல்லைகளிலும் இதே சிக்கல் உண்டு. புகழ்பெற்ற யோஷினோ செர்ரியை ஒட்டுக்கட்டிப் பெருக்குகிறார்கள், கரும்பைக் கரணை வெட்டி நடுகிறார்கள். இரண்டிலும் தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும். அதன் நோயும் கூடவே வரும்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 7 நிலக்கடலைக்கு இந்தத் தொல்லை குறைவு. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர் என்பதால் விதைத்த ரகமே முளைக்கும்; செடியை வெட்டி நட வேண்டியதில்லை. கரும்போ பல இனங்களின் கலப்பு. ஒரு செல்லில் நூற்றுக்கும் மேல் குரோமோசோம்கள். அதன் விதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முளைக்கும். புது ரகம் தேடும் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு அது வரம், விவசாயிக்கு உதவாது.

தமிழ்நாட்டில் பெருமளவு பயிராகும் கோ 86032 ரகத்தின் பெற்றோரில் ஒன்று, கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் கோசி 671. 1993 வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே மாவட்டம் என்பதால், பழைய தென்னார்க்காட்டுக்காரர்கள் தாராளமாகச் சொந்தம் கொண்டாடலாம். ஆனால் எவ்வளவு நல்ல ரகமும் ஆண்டுக்கணக்கில் அதே வயலின் கரணையிலேயே ஓடினால் சோர்ந்துபோகும். மஞ்சள் இலை நோய் முக்கியக் காரணம். இலையின் நடுநரம்பு மஞ்சளாகும், முற்றினால் கணுக்கள் நெருங்கும், எடை குறையும். விதைக்கரணைக்கு 50 டிகிரி நீராவி காட்டினால் புல்தழை நோய் கட்டுப்படும். மஞ்சள் இலை நோயைத் தரும் வைரஸ் அதற்கு மசியாது.

இங்கேதான் திசு வளர்ப்பு கைகொடுக்கிறது. கரும்பின் நுனிக்குருத்தைப் பிரித்து, உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வளர்நுனியை நுண்ணோக்கியின் கீழ் வெட்டி எடுக்கிறார்கள். சாறு கடத்தும் குழாய்கள் அதுவரை எட்டியிருக்காது. வைரஸும் பெரும்பாலும் எட்டியிருக்காது. 1952இல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் இருவரும் டேலியா செடியை இப்படித்தான் வைரஸிலிருந்து மீட்டார்கள். 1962இல் முராஷிகே, ஸ்கூக் வகுத்த ஊட்டக் கலவையில் நுனி துளிர்க்கும், கிளைக்கும். பிறகு வேர்விட வைத்து, நிழல்வலைக்கூடத்தில் பழக்கி, வயலுக்கு அனுப்புகிறார்கள்.

திசு நாற்று புது ரகமல்ல. பழைய ரகத்தின் சுத்தமான விதை, அவ்வளவே. முதல் ஆண்டு தூர் அதிகம் வெடிக்கும், கரும்பு மெலிந்திருக்கும். ஆகவே அதை விதைப்பண்ணையாக வளர்த்து, அதிலிருந்து பருசீவல் நாற்று எடுத்து நடுவதே லாபம். ஐந்தடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 4,400 நாற்று போதும். ஆய்வகத்தில் அளவுக்கு மீறிப் பெருக்கினால் குணம் மாறிய செடிகளும் கலந்துவிடும். இதையும் கண்காணிக்கவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் சான்றளிப்பு முறையை நடத்துகிறது.

விளைச்சல் இரட்டிப்பாகும் என்று நாற்று விற்க வருபவரிடம் முதலில் வைரஸ் சோதனைச் சான்றைக் கேளுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.